வண்டி நிற்கும் நாளை நாமே குறிப்போம்

சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தால் நல்லது என்ற எண்ணம் நம் சிறு விவசாயிகளிடையே பரவி வருகிறது. வரவேற்க வேண்டிய எண்ணம்தான். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கும், காய்கறியைத் திருச்சி மார்க்கெட்டுக்கும், கடலையைப் புதுக்கோட்டைக்கும் வாடகை வண்டிக்குக் காத்திராமல் கொண்டு போகலாம். அக்கம்பக்கத்துச் சரக்கையும் ஏற்றி நாலு காசு பார்க்கலாம். ஆனால் புது வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. இரண்டு மூன்று கை மாறி, இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிதான் நம் கைக்கு வருகிறது. அதையும் கடன்பட்டோ, வீட்டு நகையை அடகு வைத்தோதான் வாங்குகிறோம்.

வாங்கும்போது காட்டும் அக்கறையை வாங்கிய பிறகு காட்டுகிறோமா என்றால், இல்லை. "ஓடுகிற வரை ஓடட்டும், நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்றே பலரும் இருக்கிறார்கள். இப்படி இருப்பவருக்கு வண்டி எந்த நாளில் நிற்கும்? வயலில் வேலை இல்லாத ஆனி மாதத்தில் நிற்காது. சுமை அதிகமாகவும் ஓட்டம் ஓயாமலும் இருக்கும் தை, மாசி அறுவடையில்தான் நிற்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சில ஆண்டுகளில் அரசு இதைத் தளர்த்துவது உண்டு. களத்தில் காயவைத்து ஏற்றிய நெல், வழியில் நின்றுவிட்ட வண்டியில் இரண்டு இரவு பனியில் கிடந்தால் என்ன ஆகும் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைச் செலவு ஒரு பக்கம், நெல்லின் நட்டம் ஒரு பக்கம், அந்த வாரத்தில் வரவிருந்த வாடகை போனது மற்றொரு பக்கம்.

தேய்ந்த என்ஜின் என்றாவது ஒருநாள் வேலைக்கு நிற்கத்தான் செய்யும். அந்த நாளை வண்டி முடிவு செய்வதா, நாம் முடிவு செய்வதா என்பதே கேள்வி. நாமே முடிவு செய்வதற்குப் பெயர்தான் முன்கூட்டிய பராமரிப்பு. மழைக்கு முன்பே கண்மாய்க் கரையையும் மடையையும் கலிங்கையும் பார்த்து வைக்கும் வழக்கம் உள்ள சீமை இது. கரை உடைந்த பிறகு மண் சுமப்பவனை ஊர் என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும். என்ஜினுக்கும் அதே நியாயம்தான்.

கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

"ஆயில் மாற்றி இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. கிராமத்து வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விராலிமலைக்கு அப்பால் நாற்கரச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 100 மணி நேரம் ஓடும் லாரி 5,000 கிலோமீட்டர் கடக்கும். வயல் வரப்போரப் பாதையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே 100 மணி நேரம் ஓடும் லாரி 1,500 கிலோமீட்டர்தான் கடக்கும். என்ஜின் உழைத்ததோ இரண்டிலும் 100 மணி நேரம். கொள்முதல் நிலையத்து வரிசையில் என்ஜினை அணைக்காமல் காத்திருக்கும் நேரத்துக்கு கிலோமீட்டர் மீட்டரில் கணக்கே இல்லை. ஆகவே பழைய வண்டிக்கு மணிக்கணக்கு வேண்டும். தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது.

வண்டியோடு வரும் கையேட்டில் ஆயில், பில்டர் மாற்ற வேண்டிய இடைவெளி இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஒன்று நல்ல சாலையில் ஓடும் வண்டிக்கு, மற்றொன்று தூசி, அதிகச் சுமை, அடிக்கடி நிறுத்தம் ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு. நம்முடையது இரண்டாவது வகை என்பதில் ஐயம் வேண்டாம். அப்படித் தனிக் கணக்கு இல்லாவிட்டால், பொதுவாகச் சொல்லப்பட்ட இடைவெளியில் பாதியை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

செம்மண் தூசியே முதல் எதிரி

அன்னவாசல், சித்தன்னவாசல், குடுமியான்மலை வட்டாரம் செம்மண்ணும் சரளையும் பாறையும் கலந்த பூமி. கோடையில் ஒரு வண்டி போனால் பின்னால் வருகிற வண்டிக்கு வழி தெரியாது. அந்தத் தூசியில் கலந்துள்ள மணல் துகள் இரும்பைவிடக் கடினமானது. அது சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரம் போல அராவிவிடும்.

மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒரு நிமிடத்தில் சுமார் 3,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் 1,80,000 லிட்டர். இவ்வளவு காற்றுக்கும் ஒரே வாசல் காற்று வடிகட்டிதான்.

வடிகட்டி இரண்டு வகை. பழைய வண்டிகளில் அடியில் ஆயில் கிண்ணம் வைத்த வகை உண்டு. கிண்ணத்தில் சேறு படிந்தால் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். கோடு காட்டும் அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. மற்றது காகித வடிகட்டி. இதை டயரில் தட்டுவதும், பஞ்சர் கடைக் காற்றை நேராகப் பிடித்து அடிப்பதும் கூடாது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்துவிடும். கிழிந்த வடிகட்டி, வடிகட்டி இல்லாததற்குச் சமம். காசு பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

வடிகட்டி நன்றாக இருந்தும் தூசி புகுவதற்கு இன்னொரு வழி உண்டு. வடிகட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு, குழாயைக் கழற்றி உட்பக்கம் விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் உங்கள் என்ஜின் மண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆயில் கம்பி தினமும் பேசும்

காலையில் என்ஜினை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிறுத்திய வண்டியில் ஆயில் கம்பியை உருவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். டீசல் என்ஜினில் ஆயில் கறுப்பாவது இயல்பு. கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் வேலை. ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. "ஆயில் குறையவே இல்லை, ஏறியிருக்கிறது" என்று மகிழ்ச்சி அடைவோர் உண்டு. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி அல்ல, அபாய அறிவிப்பு. அன்று வண்டியை எடுக்காமல் பட்டறைக்குச் சொல்ல வேண்டும்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் ஆயில் பில்டரையும் மாற்ற வேண்டும். குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது போன்றது, பழைய பில்டரோடு புது ஆயில் ஊற்றுவது. கையேட்டில் சொன்ன தரம் எதுவோ அதையே வாங்க வேண்டும். மூடி முத்திரை இல்லாத ஆயிலையும், வேறு வண்டியில் வடித்ததை வடிகட்டி விற்கும் ஆயிலையும் தொடவே கூடாது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. கந்தகம் குறைந்ததால் ஆயிலில் அமிலம் சேர்வது குறைந்திருப்பது உண்மை. ஆனால் கரியும் தூசியும் தேய்மானத் துகளும் அப்படியேதான் சேர்கின்றன. எனவே ஆயில் மாற்றும் தவணையை நாமாக நீட்டிக்கொள்ள இது காரணம் ஆகாது.

டர்போ வைத்த வண்டியில், சுமையோடு ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைப்பது கேடு. ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் டர்போவுக்கு ஆயில் நின்றுபோனால் அதன் பேரிங் வறண்டுவிடும்.

நம் ஊர்த் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது

"பனி உறையும் ஊருக்குத்தானே கூலண்ட், நமக்கு எதற்கு?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பாறை இடுக்கிலிருந்து வரும் நம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கொதிக்க வைக்கும் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவம் பிடிப்பதைப் பார்க்கிறோம். அதே படிவம் ரேடியேட்டர் குழாயிலும் லைனரைச் சுற்றியும் பிடித்துச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. பல டீசல் என்ஜின்களில் லைனரின் வெளிப்புறம் தண்ணீரிலேயே நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிர, அதன் மேல் சிறு குமிழிகள் தோன்றி உடைகின்றன. நாளடைவில் அந்த இடத்தில் ஊசித் துளைகள் விழுந்து, தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் இறங்குகிறது. கூலண்டில் உள்ள மருந்து லைனரின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கிறது. ஆகவே நம் ஊரில் கூலண்ட் பனிக்காக அல்ல, லைனருக்காக. கலந்தே வருவதை வாங்கலாம். கலக்க வேண்டியதாக இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த தண்ணீரில், டப்பாவில் சொன்ன அளவில் கலக்க வேண்டும்.

வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கத்தையும் விட வேண்டும். சுமார் 80 டிகிரிக்கு வந்த பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். டீசல் சரியாக எரியாது, தேய்மானம் கூடும். சூடேறுவதற்கு உண்மைக் காரணம் வேறிடத்தில் இருக்கும். ரேடியேட்டர் இதழ்களில் வைக்கோல் தூசி அடைத்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், மூடியின் ரப்பர் கெட்டிருக்கலாம். முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

டீசலில் தண்ணீரும், எண்ணெய் ஆசையும்

டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுவது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அன்றாட வேலையாக இருக்க வேண்டும். இரவில் டேங்க் காலியாக நின்றால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராக இறங்கும். மாலையிலேயே டீசல் நிரப்பி நிறுத்துவது நல்லது. பம்பும் நாசிலும் மயிரிழையைவிட நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. அவற்றுக்கு உயவும் டீசலே. தண்ணீர் கலந்தால் துருப்பிடிக்கும், மண்ணெண்ணெய் கலந்தால் வறண்டு தேயும்.

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. கடலை விளைவிக்கும் நமக்கு இது இனிப்பான செய்திதான். அதற்காக இன்றைய வண்டியில் கடலை எண்ணெயையோ, பலகாரம் சுட்ட எண்ணெயையோ ஊற்றிப் பார்க்கும் சோதனை வேண்டாம். எண்ணெயின் பிசுக்கு நாசிலில் கரியாகவும் ரிங்கில் பசையாகவும் பிடித்துக்கொள்ளும்.

புகையின் நிறம் ஒரு கடிதம்

டீசல் என்ஜினில் நெருப்புப் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதுபோலக் காற்றை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ரிங், லைனர், வால்வு தேய்ந்தால் காற்று கசியும். சூடு போதாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பேட்டரியைக் குறை சொல்லுமுன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. வடிகட்டியையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே வருகிறது. டாப்பெட் இடைவெளியைத் தவணை தவறாமல் சரிபார்க்க வேண்டும். சத்தம் இல்லாமல் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. இடைவெளி அற்றுப்போன வால்வு முழுதாக மூடாமல் சத்தமில்லாமலே கருகிவிடும்.

பழைய வண்டிக்குச் செலவு வீணா?

"கிழட்டு மாட்டுக்குத் தீவனம் எதற்கு?" என்று கேட்பது போல, பழைய வண்டிக்குச் செலவு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புது வண்டி சில தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். தேய்ந்த வண்டி பொறுக்காது. ஆகவே பழைய வண்டிக்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும். ஒரு தடவை ஆயிலும் பில்டர்களும் மாற்ற என்ன ஆகும், என்ஜினை இறக்கி போர் வேலை செய்ய என்ன ஆகும் என்று இரண்டையும் உங்கள் பட்டறையில் கேட்டு ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளே பதில் சொல்லும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்குகிறோம். சான்று கிடைத்துவிட்டதால் என்ஜினின் உள்ளே எல்லாம் நலம் என்று பொருள் அல்ல. லைனரின் தேய்மானத்தை அந்தச் சான்று சொல்லாது. அதைச் சொல்வது உங்கள் நோட்டுதான். முதல் மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்றியவர் நாலாம் மாதம் இரண்டு லிட்டர் ஊற்றுகிறார் என்றால் என்ஜின் தேய்ந்துவிட்டது என்று நோட்டே காட்டிவிடும். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தேய்ந்த ரிங் வளராது என்பதும் உண்மை. ஆனால் தேய்மானம் முன்கூட்டித் தெரிந்தால், அறுவடை முடிந்து வண்டிக்கு வேலை இல்லாத வைகாசி, ஆனியில் நிதானமாக விலை பேசி, நல்ல சாமான் போட்டு, வேலையை முடித்துக்கொள்ளலாம். தை மாதத்தில் நடுரோட்டில் நின்றவருக்கு விலை பேசும் உரிமை கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நோட்டு எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பழைய வண்டி வாங்கியவர்கள், முன்னவர் என்ன சொன்னாலும், ஆயில், கூலண்ட், எல்லா பில்டர்களையும் ஒரே நாளில் மாற்றி, அந்த நாளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுபவர் வேறொருவராக இருந்தால் நோட்டை அவரிடமே கொடுங்கள். தவறைக் கண்டு சொன்னதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த டிரைவர் எதையும் சொல்லமாட்டார். அப்புறம் என்ஜின்தான் சொல்லும்.

ஊரும் அரசும் செய்யத்தக்கது

இவ்வளவையும் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதும் முறையல்ல. வண்டி வாங்கக் கடன் கொடுப்பவர்கள், அந்த வண்டி ஓடினால்தான் தவணை வரும் என்பதை உணர வேண்டும். அறுவடைக்கு முன், கார்த்திகை அல்லது மார்கழியில், அன்னவாசலில் ஒருநாள் டீசல் என்ஜின் பராமரிப்பு முகாம் நடத்தலாம். டிராக்டருக்கு வேளாண் பொறியியல் துறை இருக்கிறது. லோடு வண்டிக்கும் பம்புசெட் என்ஜினுக்கும் பாடம் ஒன்றுதான். தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளை அந்த முகாமுக்கு அழைத்து வந்தால், அவர்களுக்கும் பழைய என்ஜினில் கை பழகும். நமக்கும் வழி தெரியும்.

நாமே செய்துகொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு. பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்தால், தங்கள் என்ஜின்களுக்கு ஒரே தர ஆயில் ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு, முத்திரையிட்ட ஒரு பீப்பாயை நேராக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். விலையும் குறையும், போலிக்கும் இடம் இராது. விதைக்கும் உரத்துக்கும் கூடுகிற நாம் ஆயிலுக்கும் கூடுவதில் என்ன தடை?

தினமும் காலையில் ஆயில், தண்ணீர், டீசலில் இறங்கிய நீர். வாரம் ஒருமுறை காற்று வடிகட்டி, பெல்ட், குழாய்கள். மணிக்கணக்கு நிறைந்ததும் ஆயிலும் பில்டரும். ஆண்டுக்கு ஒருமுறை டாப்பெட், நாசில், கூலண்ட் சோதனை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும், காலையில் பத்து நிமிடமும் போதும். அடுத்த தை அறுவடைக்கு இன்றே அந்த நோட்டைத் தொடங்குவீர்களாக.